குழாயடியில் சொன்னது

தீபாவளிக்கு ஒன்பது நாள்

இரவு பத்தே முக்கால். பாத்திரங்களைக் கழுவி வைத்து, நாளைக்குத் தோசை மாவு அரைத்து முடித்து, சமையலறை நாற்காலியிலேயே உட்கார்ந்து கைப்பேசியைத் திறந்தேன். தோழியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பதினொரு படங்கள். மலாக்காவில் ஓர் ஓட்டல் அறை. வெள்ளை விரிப்பின் மேல் குளியல் துண்டை அன்னப்பறவையாக மடித்து வைத்திருக்கிறார்கள். அடுத்ததில் பிள்ளைகள் நீச்சல் குளத்தில். அடுத்ததில் காலைச் சாப்பாடு, தட்டுத் தட்டாக. கடைசிப் படத்தில் அவளும் அவள் வீட்டுக்காரரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆற்றோரம் நிற்கிறார்கள்.

இன்று மத்தியானம்தான் என்னைக் கூப்பிட்டிருந்தாள். அலுவலகத்தில் கணக்கு முடிக்கிற நேரம். ஆனாலும் எடுத்தேன். "சம்பளம் வந்த அன்னிக்கே காலிடி. காடித் தவணை ரெண்டு மாசம் நிக்குது. தீபாவளிக்கு என்ன பண்ணப் போறேன்னே தெரியல" என்றாள். குரல் கம்மியிருந்தது. என்னால் முடிந்த ஆறுதலைச் சொன்னேன். சாயங்காலம் வீடு திரும்பும் வழியெல்லாம் அவளையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

இப்போது இந்தப் படங்கள். மே மாதம் என்னிடம் 800 வெள்ளி வாங்கினாள். நூறு திரும்பி வந்தது. மீதி எழுநூறு. அந்த அன்னப்பறவையைப் பார்த்ததும் எழுநூறு என்ற எண்தான் முதலில் மனசில் வந்தது. அப்படி வந்ததே எனக்குப் பிடிக்கவில்லை. எரிச்சலோடு படுத்தால் தூக்கம் வராது என்று நோட்டை எடுத்து எழுதுகிறேன்.

தீபாவளிக்கு எட்டு நாள்

நேற்றைய எரிச்சலைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கணக்கு எழுதுகிறவளுக்கு அதுதான் தெரிந்த வழி.

அவள் எழுநூறையும் நேற்றே திருப்பியிருந்தால் எரிச்சல் போயிருக்குமா? போயிருக்காது. அப்படியானால் இது பணத்தின் மேல் வந்த கோபம் மட்டும் இல்லை. அவள் புலம்பாமல் இருந்து, படங்களை மட்டும் போட்டிருந்தால்? சந்தோஷப்பட்டிருப்பேன். பிள்ளைகள் தண்ணீரில் நிற்கும் படத்துக்கு ஓர் இதயம் போட்டிருப்பேன். படங்களே இல்லாமல் புலம்பல் மட்டும் வந்திருந்தால்? இந்நேரம் ஒரு முறுக்குத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போயிருப்பேன்.

தனித்தனியாக வந்தால் இரண்டையும் தாங்குகிறேன். ஒரே நாளில், ஒரே ஆளிடமிருந்து, ஒரே கைப்பேசி வழியாக வரும்போதுதான் தாங்க முடியவில்லை. இரண்டில் ஒன்று பொய் என்று மனம் முடிவு கட்டுகிறது. எது பொய் என்று கேட்டால், என்னிடம் சொன்னதுதான் பொய் என்கிறது. கண்ணால் பார்த்ததை விட்டுக் காதால் கேட்டதை எப்படி நம்புவது என்கிறது. நான் பட்ட பரிதாபம் வீணாய்ப் போயிற்று என்று நோகிறது.

ஆனால் அவள் அழுதது எனக்குத் தெரியும். நாற்பது வருஷமாக அவள் குரலைக் கேட்கிறேன்.

தீபாவளிக்கு ஏழு நாள்

அம்மா அலமாரியைத் துடைக்கச் சொன்னார். சாமி படத்துக்குப் பின்னால், கற்பூரப் பெட்டியோடு, அந்த 555 நோட்டு இருந்தது. தோட்டத்திலிருந்து வரும்போது கொண்டு வந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. அட்டையில் பெரிதாக மூன்று ஐந்து. காகிதம் மஞ்சளாகி, மூலைகள் வட்டமாகத் தேய்ந்திருக்கின்றன. உள்ளே கடைக்காரர் கையெழுத்து: அரிசி, நெத்திலி, மண்ணெண்ணெய், பால் டின், பீடி. பக்கத்தில் வெள்ளியும் காசும். மாசக் கடைசியில் ஒரு கோடு, கோட்டின் கீழே கூட்டுத்தொகை. சம்பளத்தில் கட்டியதைக் கழித்துவிட்டு, மிச்சத்தை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதியிருக்கிறார். எந்தப் பக்கத்திலும் மிச்சம் சைபர் ஆனதில்லை.

இந்த நாட்டில் 555 என்றால் கடன் நோட்டு என்று எல்லாருக்கும் தெரியும். மலாய்க்காரர் கடையில் புக்கு தீகா லீமா. எங்களுக்கு டிரிபிள் ஃபைவ். ஒன்று கடைக்காரரிடம், ஒன்று வீட்டில். இரண்டிலும் ஒரே கணக்கு இருக்க வேண்டும். எழுதும்போதே எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். "போன மாசப் பாக்கியே நிக்குதேம்மா, மைலோ இந்த மாசம் வேணுமா?" என்று பென்சிலை நிறுத்துவார். அம்மாவுக்கு அது அவமானம்தான். ஆனாலும் அந்தப் பென்சில் நின்ற இடத்தில் எங்கள் குடும்பம் பலமுறை தப்பித்திருக்கிறது.

ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டம் எங்களுடையது. விடியுமுன் பெரட்டு, பேர் கூப்பிடுவார்கள். அம்மாவும் அப்பாவும் ஆளுக்கொரு நிரையில் பால் வெட்டப் போவார்கள். மழை பெய்தால் மங்குக்குள் தண்ணீர். அன்றைக்கு வெட்டு இல்லை, கூலியும் இல்லை. ஆனால் மழை ஒரு வீட்டின் கூலியை மட்டும் பிடிக்காது. லயத்தில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் ஒரே மழை. யாருக்கு எவ்வளவு வரும், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது எல்லாருக்கும் தெரியும். சம்பளத்தை ஒளிக்கவும் வழியில்லை, இருப்பதற்கு மேல் காட்டவும் வழியில்லை. தீபாவளிக்கு ஒரு வீட்டில் புது ரேடியோ வந்தால், அது எத்தனை மாசத் தவணை என்பதும் கூடவே வந்து சேரும்.

பெண்கள் குழாயடியில் பேசிக்கொள்வார்கள். "இந்த மாசம் பத்தலக்கா." "எனக்கும்தாண்டி." வாளி நிறைகிற நேரத்துக்குள் வீட்டு நிலவரம் முழுதும் பேசி முடிந்துவிடும். அதில் யாரும் கடன் கேட்கவில்லை, பரிதாபமும் தேடவில்லை. இல்லாமையைச் சொல்வது என்பது, நானும் உங்களோடுதான் நிற்கிறேன் என்று சொல்வது. எங்கள் இரண்டு பேரின் அம்மாக்களும் அந்தக் குழாயடியில்தான் சிநேகமானார்கள்.

நேற்று முன்தினம் மத்தியானம் அவள் என்னைக் கூப்பிட்டது அந்தக் குழாயடிக்குத்தானோ என்று தோன்றுகிறது.

தீபாவளிக்கு ஆறு நாள்

வீட்டுக்காரர் இன்று மூன்றே முக்காலுக்கு எழுந்தார். நாலரைக்குள் சிங்கப்பூர்ப் பாலத்தைப் பிடித்தால்தான் ஏழு மணி ஷிப்டுக்குச் சேர முடியும். அவர் போன பிறகு தூக்கம் வரவில்லை.

2019இல் எட்டு மாதம் நானும் அவர் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து சிங்கப்பூர் வேலைக்குப் போனேன். அந்த விடியற்காலைகள் உடம்பில் இன்னும் இருக்கின்றன. சோதனைச் சாவடிக்கு முன்னால் மோட்டார் சைக்கிள்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். மழைக்கோட்டின் பிளாஸ்டிக் வாடை, புகை வாடை. முழங்காலில் முன்வண்டிக்காரரின் புகைபோக்கிச் சூடு. யாரும் பேசுவதில்லை. ஹெல்மெட்டுக்குள் ஆயிரக்கணக்கான முகங்கள், அவற்றில் பாதி முகங்களில் நீல வெளிச்சம். ஒரு கை ஹாண்டிலில், ஒரு கையில் கைப்பேசி. முன்னால் நிற்பவரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தால், யாரோ எங்கோ சாப்பிட்ட சாப்பாடு, யாரோ வாங்கிய காடி, யாரோ போன பாலித் தீவு. அந்தக் கூட்டத்தில் நின்று நானும் அப்படித்தான் பார்த்தேன். ஊர் தூங்கும் நேரத்தில் புகைக்குள் நிற்கிறவளுக்கு, எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள், நான் மட்டும்தான் இங்கே என்று தோன்றும். இடமும் வலமும் நின்றவர்கள் எல்லாரும் அதே நேரத்தில் அதையேதான் நினைத்திருப்பார்கள்.

1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலம். ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். நாளொன்றுக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்த நீரிணையைத் தாண்டுகிறார்கள். 1973 வரை இக்கரை வெள்ளியும் அக்கரை வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று. அம்மாவுக்கு அது நினைவிருக்கிறது. இன்று அங்கத்திய ஒரு வெள்ளிக்கு இங்கே மூன்றுக்கு மேல். அதனால்தான் இந்த ஊரில் ஒரே குடியிருப்புத் தாமானில், ஒரே வரிசையில், இரண்டு விதமான சம்பளக்காரர்கள் குடியிருக்கிறார்கள். பாலம் தாண்டுகிறவர் ஒருவர். பாசீர் கூடாங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் இன்னொருவர். வேலை ஒன்றேதான். ஆனால் வீட்டு வாடகையும், நாசி லெமாக் விலையும், பேரங்காடியின் கண்ணாடிக் கதவும் முதலாமவரைப் பார்த்துத்தான் விலை சொல்கின்றன. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்தக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்று சட்டை மடிக்கிற பெண்ணுக்கு அதுதான் சம்பளம். அந்தச் சட்டையை அவள் வாங்க முடியாது.

என் தோழியின் வீட்டுக்காரர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். என் வீட்டுக்காரர் பாலம் தாண்டுகிறவர். இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன். இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கவே எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லை.

தீபாவளிக்கு ஐந்து நாள்

தோட்டத்தில் காட்ட வேண்டிய தேவையே இருந்ததில்லை. பட்டணத்தில் ஏன் வந்தது?

எங்கள் தோட்டம் 1991இல் கைமாறியது. மரங்களைச் சாய்த்தார்கள். கொஞ்ச இடத்தில் செம்பனை நட்டார்கள், மீதி வீட்டு மனையானது. ஜொகூர் முழுக்க அப்படித்தான். மாசாய், ஸ்கூடாய், உலு திராம், கூலாய் என்று இன்று தாமான்களாக இருக்கிற பல இடங்கள் ஒரு காலத்தில் நிரை நிரையாக மரம் நின்ற நிலம். சனங்கள் மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்தார்கள். ஐந்தாம் மாடியில் பக்கத்து வீட்டுக்காரருக்கு உன் சம்பளம் தெரியாது. உன் அப்பா யார், நீ எத்தனை மணிக்கு எழுகிறாய், எதுவும் தெரியாது. தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்தால் பள்ளிக்கூடத்தில் ஒரு பார்வை இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பார்வையைச் சேர்ந்தே வாங்கினோம். காலணியில் செம்மண் ஒட்டியிருக்கும். வாசலிலேயே துடைத்துவிட்டு உள்ளே போவோம்.

அவள் போடுகிற படங்களில் நான் அந்தக் காலணியைப் பார்க்கத் தவறிவிட்டேன். தெரியாத நூறு பேர் நடுவில், இப்போது நாங்களும் நன்றாகத்தான் இருக்கிறோம் என்று சொல்ல அவளிடம் வேறு மொழி இல்லை. படிப்பைக் காட்ட முடியாது, பதவியைக் காட்ட முடியாது. செலவைத்தான் காட்ட முடியும்.

இதற்காகச் செலவு சரி என்று ஆகிவிடாது. புரிந்துகொள்வது ஒன்று, சரி என்பது வேறு. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிவைக்கிறேன்.

தீபாவளிக்கு நான்கு நாள்

தாத்தாவின் பங்குச் சீட்டு ஒன்று அம்மாவின் இரும்புப் பெட்டியில் உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து நீங்களே தோட்டம் வாங்குங்கள் என்று கேட்டார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. நாள் முழுக்க வெட்டினால் சில வெள்ளி கிடைத்த காலத்தில் பத்து வெள்ளி என்பது என்ன என்று தாத்தாவின் சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் யோசிப்பேன். கடையில் பாக்கி வைத்துக்கொண்டே அந்தப் பத்தையும் கட்டியிருக்கிறார். அவர் தலைமுறை இல்லாமையை வெளியே பேசியது, சேமிப்பைப் பெட்டிக்குள் வைத்தது. எங்கள் தலைமுறை செலவை வெளியே வைத்திருக்கிறது, இல்லாமையைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறது.

பெண்கள் கூட்டுப் பிடிப்பார்கள். பத்துப் பேர் மாசம் நூறு வெள்ளி, குலுக்கலில் பேர் வருகிறவருக்கு ஆயிரம். அதிலும் ஏமாற்று உண்டு. பணத்தோடு ஓடிப்போனவர்கள் உண்டு. 1971இல் அரசாங்கம் அதைத் தடை செய்து சட்டம் போட்டபோது, சட்டத்தின் பெயரிலேயே கூட்டு என்ற நம் சொல் ஏறியது. அப்படிப்பட்ட கூட்டிலும்கூட பத்து முகங்கள் எதிரே இருந்தன. இந்த மாசம் எனக்கு முடியவில்லை என்று ஒருத்தி சொன்னால் மற்ற ஒன்பது பேர் அவள் முகத்தைப் பார்ப்பார்கள்.

இப்போதைய கடனுக்கு முகம் இல்லை. கைப்பேசியில் ஒரு பொருளைத் தொட்டால், மூன்று தவணையா, ஆறு தவணையா என்று கேட்கிறது. விரல் படுகிற நேரத்தில் முடிந்துவிடுகிறது. பென்சிலை நிறுத்துகிற கடைக்காரர் இல்லை. மைலோ இந்த மாசம் வேணுமா என்று யாரும் கேட்பதில்லை. 2024 இறுதியில் இந்த நாட்டின் குடும்பக் கடன்கள் நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 84 விழுக்காடு. அதில் வீட்டுக் கடன்தான் பெரும்பகுதி. ஆனால் எங்கள் அடுக்குமாடியில் தூக்கத்தைக் கெடுப்பவை சின்னச் சின்னத் தவணைகள்.

கோவிட் காலத்தில் ஊழியர் சேமநிதியைத் திறந்துவிட்டார்கள். 2020 முதல் 2022 வரை நான்கு தடவை. மொத்தம் 145 பில்லியன் வெள்ளி வெளியே வந்தது. கடைசித் தடவை 2022 ஏப்ரலில், ஆளுக்குப் பத்தாயிரம் வரை. பலர் அதில்தான் அரிசி வாங்கினார்கள், வாடகை கட்டினார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். அதே மாசத்தில் புதுக் கைப்பேசிப் படங்களும் வந்தன. முதுமைக்கு வைத்த பணம் அந்தப் படத்துக்குள் இருக்கிறது என்பது படத்தில் தெரியாது. அன்றும் எரிச்சல் பட்டேன். அன்றைக்கு நான் எடுத்த பத்தாயிரத்தில் என்ன செய்தேன் என்று இப்போது கணக்குப் பார்த்தால், ஏழாயிரத்துக்குத்தான் நேர்மையாகப் பதில் சொல்ல முடிகிறது.

தீபாவளிக்கு மூன்று நாள்

சாயங்காலம் ஜாலான் உங்கு புவான் தீபாவளிக் கடைத்தெருவுக்குப் போய் வந்தேன். பலகாரத் தட்டு, மெழுகுவர்த்தி விளக்கு, பேருந்திலிருந்து இறங்கும் அக்கரைக் கூட்டம். எங்கே பார்த்தாலும் கை நீட்டிப் படம் எடுக்கிறார்கள். ஒரு பெரியவர் தம் பேத்தியைப் புதுப் பாவாடையோடு நிற்க வைத்து எடுத்தார். அவள் சிரிக்கும் வரை காத்திருந்தார். அந்தப் படம் யாரையும் எரிச்சல் படுத்தக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

திரும்பி வந்து என் முகநூல் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். ஒரு வருஷத்துக்கு மேல். கோயில், பிறந்தநாள் கேக், வீட்டுக்காரர் வாங்கித் தந்த சேலை, கூலாய் ஜொகூர் பிரீமியம் அவுட்லெட்டில் வாங்கிய தோல் கைப்பை. அந்தப் பையை மூன்று கோணத்தில் எடுத்துப் போட்டிருக்கிறேன். அதை வாங்கிய மாசம் வீட்டுக்காரருக்கு ஓவர்டைம் நிறுத்திவிட்டார்கள். அந்தப் பையின் பேரில் நாங்கள் நாலு நாள் பேசாமல் இருந்தோம். அது படத்தில் இல்லை. அம்மாவின் கண் அறுவைக்கு நாங்கள் வாங்கிய கடன் எந்தப் படத்திலும் இல்லை.

தீபாவளிக்கு இரண்டு நாள்

முறுக்குத் தகரத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

எப்படிப் பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். போய் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. அவள் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தாள். முதுகு என் பக்கம். அந்த முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"மலாக்காப் படத்தப் பாத்தப்ப எனக்கு வலிச்சுதுடி. மத்தியானம் நீ அழுத. ராத்திரி படம் வருது. எனக்கு எதப் புடிச்சுக்கிறதுன்னு தெரியல."

கரண்டி நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு திரும்பாமலே சொன்னாள்.

"ரெண்டு ராத்திரிக்கு நானூத்தி முப்பது. கார்டுல போட்டேன். நாலு வருஷமா எங்கயும் போகலடி. லீவுக்கு எங்க போனீங்கன்னு ஸ்கூல்ல எழுதச் சொன்னா எம்மவ ஒவ்வொரு வாட்டியும் பொய் எழுதுறா. போன வருஷம் ஒன் பையப் பாத்துட்டு, அத்தை வீட்டுல மட்டும் எப்படிம்மான்னு கேட்டா. நான் என்ன சொல்ல?"

தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

"படம் எல்லாருக்கும் போட்டேன். அது ஒனக்கில்ல. ஒனக்குச் சொன்னது ஒனக்கு மட்டுந்தான். எங்கம்மாகிட்டகூடச் சொல்லல."

என் கையில் தேத்தண்ணிக் குவளை சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

இத்தனை நாளும், என்னிடம் சொன்னது பொய், காட்டியது நிஜம் என்று வைத்திருந்தேன். ஊருக்கு ஒரு முகம் காட்டிவிட்டு, நிஜத்தை இறக்கிவைக்க அவளுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்த இடம் நான். அவள் ஸ்டேட்டஸைப் பார்க்கிற நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேருக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்திருக்கிறது. அதை வாங்கி வைத்துக்கொண்டு, ஒன்பது நாளில் ஏழு நாள் அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவைத்திருந்தேன்.

ஆனால் நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இதுவும் தெரிந்திருக்காது. எரிச்சலைப் பொறுமை என்று பேர் வைத்து மூடியிருந்தால், தீபாவளிக்கு அவள் வரும்போது சிரித்து, உள்ளுக்குள் கசந்து, அடுத்த தீபாவளிக்குள் சிநேகம் செத்திருக்கும். எத்தனையோ சிநேகங்கள் அப்படித்தான் சத்தமில்லாமல் போயின. அந்த எரிச்சல் வந்ததில் தவறில்லை. வந்து கதவைத் தட்டியது. திறந்து என்ன என்று கேட்க எனக்குத்தான் ஏழு நாள் ஆயிற்று.

அவள் படுக்கையறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தாள். உள்ளே பிரிக்காத உறைகள். மேசையைத் துடைத்துவிட்டு ஒன்றொன்றாகப் பிரித்தோம். காடி. கிரெடிட் கார்டு இரண்டு. கைப்பேசித் தவணை. துணி துவைக்கும் இயந்திரம். மகனின் பள்ளிக் காலணிகூட மூன்று தவணை. ஆலோங்கிடம், அதாவது கந்துவட்டிக்காரரிடம், போகவில்லை என்று தலையில் கை வைத்துச் சொன்னாள். அவள் வீட்டு வாசல் விளக்குக் கம்பத்தில்கூட ஆலோங்கின் தொலைபேசி எண் ஒட்டுத்தாள் இருக்கிறது. நான் கூட்டினேன். அவள் என் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மொத்தம் வந்ததும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவள், "நான் இன்னும் பெரிசா இருக்கும்னு நெனச்சேன்" என்றாள்.

ஏகேபிகே என்று ஒன்று இருக்கிறது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய கடன் ஆலோசனை அமைப்பு. வங்கிகளோடு பேசி, நம் சம்பளத்துக்குத் தக்கபடி தவணையை மாற்றி அமைத்துத் தருவார்கள். ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. ஜொகூர் பாருவிலும் கிளை உண்டு. "வெக்கமா இருக்குடி" என்றாள். "நானும் வரேன். ரெண்டு பேரும் வாசல்ல காலத் தொடச்சிட்டு உள்ள போவோம்" என்றேன். அவளுக்குப் புரிந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை இன்றுதான் பார்த்தேன்.

தீபாவளி முடிந்து பதினாறு நாள்

போன வாரம் ஒருநாள் இரண்டு பேரும் லீவு போட்டுப் போய் வந்தோம். முழுவதும் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. ஒரு கார்டை வெட்டினாள். இன்னொன்றை வெட்ட மனம் வரவில்லை. காடித் தவணைக்கு ஓவர்டைம் பார்க்கிறார் அவள் வீட்டுக்காரர். வருஷக்கணக்கில் போகும்.

நேற்று அவள் ஸ்டேட்டஸில் மறுபடியும் படங்கள். புது உணவகம், மேலே தங்கத்தாள் ஒட்டிய இனிப்பு. பார்த்ததும் அந்தப் பழைய சுருக் வந்தது. வராது என்று நினைத்திருந்தேன். வந்தது. ஆனால் இந்தத் தடவை படத்தின் ஓரத்தில் அவள் மகளின் கை தெரிந்தது. இனிப்புக்குக் காத்திருக்கிற கை. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சுருக் முழுதாகப் போகவில்லை, கொஞ்சம் தளர்ந்தது. காலையில் கூப்பிட்டு, "அந்தக் கடையில எவ்ளோடி வந்துச்சு?" என்று நேராகக் கேட்டேன். "இருபத்தெட்டு வெள்ளி. மூணு பேரும் ஒண்ணையே தின்னோம்" என்றாள்.

என் கைப்பைப் படங்களை நீக்கிவிட்டேன். அத்தை வீட்டில் மட்டும் எப்படி என்று ஒரு குழந்தை இனியும் கேட்க வேண்டாம்.

இன்று மத்தியானம் கைப்பேசி ஒருதடவை அதிர்ந்தது. டுயிட்நவ் பணப்பரிமாற்றத்தில் 50 வெள்ளி. குறிப்பு எழுதுகிற இடத்தில் இரண்டு சொல்: பழைய பாக்கி.

வீட்டுக்கு வந்ததும் இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். தேதி எழுதினேன். வரவு 50. ஒரு கோடு போட்டு, கீழே மிச்சம் 650 என்று எழுதி, அடுத்த பக்கத்தின் தலையிலும் அதையே எழுதினேன்.